புரோகிராமும் ஒரு டேட்டாதான்: கம்பைலர், லிங்கருக்கு வழி திறந்த கிரேஸ் ஹாப்பரின் கதை

சி மொழியில் புரோகிராம் எழுதியவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருக்கும் பிழைச் செய்தி ஒன்று உண்டு: 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'. கோடில் எழுத்துப்பிழை எதுவும் இருக்காது. கம்பைல் ஆகியிருக்கும். ஆனாலும் கடைசிக் கட்டத்தில் பில்ட் நின்றுவிடும். காரணம் எளிது. நீங்கள் பெயர் சொல்லி அழைத்த ஒரு ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று லிங்கருக்குத் தெரியவில்லை.

பெயரை முகவரியாக மாற்றும் இந்த வேலையை இன்று லிங்கர் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. 1940-களில் இதைச் செய்தவர்கள் மனிதர்கள். பென்சிலும் நோட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகக் கூட்டி, கையால் எழுதினார்கள். அந்த வேலையை இயந்திரத்திடமே ஒப்படைக்கலாம் என்று சொன்னதோடு, செய்தும் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி கிரேஸ் ஹாப்பர்.

அவரைப் பற்றி இணையத்தில் சுற்றும் தகவல்கள் பெரும்பாலும் மூன்றுதான். முதல் கம்பைலரை எழுதினார், கோபால் மொழியை உருவாக்கினார், கணினியில் முதல் 'பக்'கைக் கண்டுபிடித்தார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை, கொஞ்சம் மிகை. அவர் நிஜமாகவே செய்தது என்ன? அது இன்றும் நம் லேப்டாப்பில் எப்படி உயிரோடு இருக்கிறது?

கடிகாரங்களைப் பிரித்துப் போட்ட சிறுமி

1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க் நகரில் பிறந்தவர் கிரேஸ் ப்ரூஸ்டர் மர்ரி. மூன்று பிள்ளைகளில் மூத்தவர். ஏழு வயதில் அலாரம் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு ஒன்றைப் பிரித்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதைப் புரிந்துகொள்ள இன்னொன்றைப் பிரித்தார். இப்படி வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பாகம் பாகமாகிவிட்டன. இனி ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அம்மா கட்டுப்பாடு போட்டார்.

வாசர் கல்லூரியில் சேர முதலில் விண்ணப்பித்தபோது லத்தீன் மொழித் தேர்வில் மதிப்பெண் போதவில்லை. அடுத்த ஆண்டு இடம் கிடைத்தது. 1928-ல் கணிதம், இயற்பியலில் பட்டம். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் 1930-ல் முதுகலை, 1934-ல் கணிதத்தில் முனைவர் பட்டம். 1930-ல் வின்சென்ட் ஹாப்பரை மணந்தார். 1945-ல் மணமுறிவு ஏற்பட்டாலும் ஹாப்பர் என்ற பெயர் கடைசிவரை நிலைத்துவிட்டது.

1931 முதல் வாசரில் கணிதம் கற்பித்துவந்தார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியதும் கடற்படையில் சேர முயன்றார். வயது அதிகம், எடை தேவையைவிட சுமார் 7 கிலோ குறைவு, கணிதப் பேராசிரியராகவே நாட்டுக்கு அதிகம் பயன்படுவார் என்று மூன்று தடைகள் வந்தன. விடவில்லை. சிறப்பு அனுமதி வாங்கி 1943-ல் கடற்படையின் பெண்கள் ரிசர்வ் பிரிவில் சேர்ந்தார். 1944-ல் பயிற்சி வகுப்பில் முதலிடம் பிடித்தார். அதே ஆண்டு ஜூலை மாதம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஹோவர்டு ஐக்கன் தலைமையில் ஒரு ராட்சத இயந்திரம் காத்திருந்தது.

51 அடி நீளக் கணினி, ஒரு நோட்டுப் புத்தகம்

மார்க் 1 என்ற அந்த இயந்திரம் 51 அடி நீளம், 8 அடி உயரம். நொடிக்கு மூன்று கூட்டல் செய்யும். ஒரு பெருக்கலுக்குச் சுமார் 6 நொடி. அதற்கான கட்டளைகள் காகித நாடாவில் துளைகளாகப் போகும். நாடாவின் ஒரு வரிசையில் 24 துளைக்கான இடம் உண்டு. எட்டு எட்டாக மூன்று பகுதிகள்: எங்கிருந்து எண்ணை எடுக்க வேண்டும், எங்கே போட வேண்டும், என்ன செய்ய வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எண்கள் இயந்திரத்தின் சக்கரங்களில் இருந்தன. கட்டளைகள் நாடாவில் இருந்தன. இரண்டும் வேறு வேறு உலகம். எண்ணை மாற்றுவது போலக் கட்டளையை இயந்திரத்தால் மாற்ற முடியாது. நாடாவில் துளை போடுவது முழுக்க மனிதர்களின் வேலை.

இந்த இயந்திரத்துக்கு ஹாப்பர் எழுதிய கையேடு 561 பக்கம். 1946-ல் வெளியானது. ஆனால் பிற்காலக் கதைக்கு அந்தக் கையேட்டைவிட முக்கியமானது, அவரும் சக புரோகிராமர்களும் வைத்திருந்த நோட்டுப் புத்தகங்கள். சைன் மதிப்பு கணக்கிட ஒருவர் ஏற்கெனவே சரியாக எழுதி, ஓட்டிப் பார்த்த கட்டளைத் தொகுப்பு இருந்தால், அடுத்தவர் அதை மறுபடியும் எழுதுவானேன்? நோட்டைக் கடன் வாங்கி அப்படியே தன் புரோகிராமில் எழுதிக்கொள்வார். இன்றைய 'லைப்ரரி'யின் மூதாதை அதுதான். கிட்டத்தட்ட கையால் செய்த காப்பி-பேஸ்ட்.

காப்பி-பேஸ்ட் என்றால் பிழையும் கூடவே வரும். சரிபார்த்த தொகுப்பாக இருந்தாலும், எழுதும்போது ஒரு குறியீடு மாறினால் எல்லாம் போச்சு. பின்னாளில் வேறு இயந்திரங்களில் வேலை செய்தபோதும் இதே தலைவலிதான்: பி என்ற ஆங்கில எழுத்து 13 ஆக மாறிவிடும், 4 என்ற எண் முக்கோணக் குறியாக மாறிவிடும். மனிதர்களுக்கு இரண்டு வேலை ஒழுங்காக வராது, ஒன்று பார்த்து எழுதுவது, மற்றொன்று கூட்டுவது என்ற முடிவுக்கு ஹாப்பர் வந்தார். இரண்டுமே இயந்திரத்துக்குக் கைவந்த கலை.

அந்தப் பூச்சிக் கதை உண்மையா?

உண்மைதான், ஆனால் முழுதாக அல்ல. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டில் மார்க் 2 இயந்திரத்தின் ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டினார்கள். அந்தப் பக்கம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பூச்சியைக் கண்டுபிடித்தவர் ஹாப்பர் அல்ல. இயந்திரக் கோளாறை 'பக்' என்று சொல்லும் வழக்கம் எடிசன் காலத்திலேயே உண்டு. இந்தக் கதையை மேடைக்கு மேடை சுவையாகச் சொல்லிப் பிரபலப்படுத்தியவர்தான் ஹாப்பர்.

எண்கணக்கு தடுமாறிய கணித மேதை

ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. கடற்படையின் நிரந்தரப் பணிக்கும் வயது தடையானது. ரிசர்வ் அதிகாரியாக மட்டும் தொடர்ந்தார். அந்தக் காலகட்டத்தில் குடிப்பழக்கத்தோடும் அவர் போராடியதை வாழ்க்கை வரலாற்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1949-ல், 42 வயதில், பிலடெல்பியாவில் இருந்த எக்கர்ட்-மாக்லி என்ற சிறிய கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு ஸ்டார்ட்அப். பணத் தட்டுப்பாட்டில் தவித்த அந்த நிறுவனத்தை 1950-ல் ரெமிங்டன் ராண்ட் வாங்கியது.

அங்கே முதலில் அவர் கையாண்ட பைனாக் என்ற கணினிக்கு எட்டின் அடிப்படையிலான எண்முறையில் கட்டளை எழுத வேண்டும். அதாவது 7-க்கு அடுத்தது 10. ஹாப்பர் அதிலேயே கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் பழகிவிட்டார். விளைவு? அவருடைய சொந்த வங்கிக் கணக்கு மாதக்கணக்கில் ஒத்துப்போகவே இல்லை. வங்கியில் வேலை பார்த்த தம்பி உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: அக்கா காசோலைப் புத்தகத்திலும் எட்டின் முறையில் கழித்துக்கொண்டிருக்கிறார்!

இது பின்னாளில் அவர் சிரித்துக்கொண்டே சொன்ன கதை. ஆனால் அதற்குள் ஒரு பெரிய கேள்வி இருந்தது. இயந்திரத்தின் மொழிக்கு மனிதன் ஏன் இறங்கி வர வேண்டும்? மனிதனின் மொழிக்கு இயந்திரம் ஏன் வரக்கூடாது?

அடுத்து வந்த யூனிவாக் கணினி இந்தக் கேள்விக்கு வாய்ப்பு கொடுத்தது. அதன் கட்டளைகள் ஓரளவு நினைவில் வைக்கும்படி இருந்தன. 'ஆட்' என்ற கூட்டலுக்கு ஏ, 'மல்டிப்ளை' என்ற பெருக்கலுக்கு எம் என்று எழுத்துகளை வைத்து அந்தக் கட்டளைக் குறியீட்டை வடிவமைத்தவர் பெட்டி ஹோல்பர்டன். இன்னொரு முக்கியமான மாற்றம்: யூனிவாக்கில் கட்டளைகளும் எண்களும் ஒரே மெமரியில், ஒரே வடிவத்தில் இருந்தன. 12 எழுத்துகள் கொண்ட ஒரு 'வேர்ட்' ஒரு எண்ணாகவும் இருக்கலாம், இரண்டு கட்டளைகளாகவும் இருக்கலாம். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே.

அப்படியானால் ஒரு புரோகிராமைப் படித்து, இன்னொரு புரோகிராமை எழுதும் புரோகிராமும் சாத்தியம்தானே? டேட்டாவை வரிசைப்படுத்தும் புரோகிராமைத் தானே எழுதித் தரும் ஒரு புரோகிராமை ஹோல்பர்டன் 1951-ல் உருவாக்கியிருந்தார். அது தனக்குப் பெரிய தூண்டுதலாக இருந்தது என்று ஹாப்பர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

ஏ-0 என்ன செய்தது?

1951-52-ல் ஹாப்பர் உருவாக்கிய ஏ-0 அமைப்பின் யோசனை, பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்தே வந்தது. நோட்டில் இருந்த துணைநிரல்களைக் காந்த நாடாவுக்கு மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு எண் கொடுத்தார், நூலகத்தில் புத்தகத்துக்கு எண் கொடுப்பது போல. புரோகிராமர் இனி முழுக் கட்டளைகளையும் எழுத வேண்டாம். எந்தத் துணைநிரல் எந்த வரிசையில் வேண்டும், அதற்கு உள்ளீடு எது, விடை எங்கே போக வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதும். மீதியை ஏ-0 பார்த்துக்கொள்ளும். நாடாவிலிருந்து தேவையானவற்றை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, முழு புரோகிராமாகத் தொகுத்துக் கொடுக்கும். 'கம்பைல்' என்றால் தொகுப்பது. அந்தப் பெயர் வந்தது இப்படித்தான்.

சரி, எடுத்து அடுக்குவதில் என்ன பெரிய விஷயம்? இங்கேதான் முகவரிப் பிரச்சினை வருகிறது.

ஒரு துணைநிரல் 0-வது வரியில் தொடங்குவதாக நினைத்து எழுதப்பட்டிருக்கும். அதற்குள் 7-வது வரிக்குத் தாவு என்று ஒரு கட்டளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதை உங்கள் புரோகிராமில் 350-வது வரியில் கொண்டுபோய் வைத்தால், அந்தத் தாவல் 357-க்குப் போக வேண்டும். 7-க்கே போனால் வேறு எங்கோ நடுவில் விழும். எனவே உள்ளே இருக்கும் ஒவ்வொரு முகவரியோடும் 350-ஐக் கூட்ட வேண்டும். ஆனால் கணக்கிட வேண்டிய எண்களைத் தொடக்கூடாது. எது முகவரி, எது வெறும் எண் என்று தெரிந்திருக்க வேண்டும். கையால் செய்தபோது பிழைகள் குவிந்தது இந்த இடத்தில்தான். ஏ-0 இதைத் தானே செய்தது.

கூடைப்பந்து கற்றுக்கொடுத்த பாடம்

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. யூனிவாக்கின் மெமரி மொத்தமே 1,000 வேர்ட். தொகுக்கப்படும் புரோகிராம் முழுவதையும் மெமரியில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்துத் திருத்த இடமில்லை. ஒரே ஓட்டத்தில் வேலை முடிய வேண்டும்.

பின்னோக்கித் தாவும் கட்டளை வந்தால் கவலை இல்லை. ஏற்கெனவே கடந்து வந்த பகுதி எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கலாம். முன்னோக்கித் தாவ வேண்டும் என்றால்? போக வேண்டிய பகுதி இன்னும் எழுதப்படவே இல்லையே, முகவரி எப்படித் தெரியும்?

கல்லூரியில் கூடைப்பந்து ஆடிய நினைவு ஹாப்பருக்குக் கைகொடுத்தது. அன்றைய பெண்கள் கூடைப்பந்து விதிகளின்படி பந்தைத் தட்டிக்கொண்டே நீண்ட தூரம் ஓட முடியாது. பந்தைத் தோழியிடம் எறிந்துவிட்டு, கூடைக்கு அருகில் ஓடிப்போய்த் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதே உத்தியை மெமரியில் பயன்படுத்தினார். மெமரியின் கடைசியில் ஒரு சிறு மூலையை ஒதுக்கினார். முன்னோக்கித் தாவ வேண்டிய கட்டளை வந்தால், இப்போதைக்கு அந்த மூலையில் ஓர் இடத்துக்குத் தாவும்படி எழுதிவிட்டு, யாருக்காகக் காத்திருக்கிறது என்ற குறிப்பை அங்கே வைத்தார். பிறகு அந்தப் பகுதி வந்து சேர்ந்து முகவரி தெரிந்ததும், மூலையில் இருக்கும் இடத்தில் உண்மையான முகவரிக்கான தாவலை நிரப்பினார்.

இதைப் படிக்கும்போது சிலருக்குப் பொறி தட்டலாம். இன்று லினக்ஸில் ஷேர்டு லைப்ரரியில் உள்ள ஒரு ஃபங்ஷனை அழைத்தால், அழைப்பு பல நேரங்களில் நேராக அங்கே போவதில்லை. முதலில் புரோகிராமுக்குள் ஒதுக்கப்பட்ட ஒரு சிறிய அட்டவணைக்குப் போகிறது. ஓடும் நேரத்தில் நிரப்பப்படும் முகவரியைப் பார்த்து அங்கிருந்து தாவுகிறது. பெயர், வடிவம் எல்லாம் வேறு. யோசனை அந்த மூலைதான்.

அப்படியானால் அது கம்பைலரா, லிங்கரா?

இன்றைய அளவுகோலில் பார்த்தால் ஏ-0 ஒரு லிங்கர்-லோடர். 'முதல் கம்பைலர்' என்ற பட்டத்தில் வரலாற்றாசிரியர்கள் தயங்குவது இதனால்தான். கணிதச் சூத்திரம் போன்ற ஒன்றை எழுதிக் கொடுத்தால் இயந்திரக் கட்டளையாக மொழிபெயர்க்கும் கம்பைலர் என்று பார்த்தால், 1952-ல் மான்செஸ்டரில் அலிக் கிளென்னி எழுதிய ஆட்டோகோடு முன்னால் நிற்கிறது. பெயரும் முகவரியும் சம்பந்தப்பட்ட வேலையிலும் ஹாப்பர் தனியாள் அல்ல. கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினிக்காக டேவிட் வீலர் 1949-லேயே எழுதிய 31 கட்டளைகள், எழுத்தால் எழுதிய கட்டளைகளை இயந்திர வடிவத்துக்கு மாற்றி ஏற்றின. அசெம்பிளரின் தொடக்கப் புள்ளிகளில் அது ஒன்று.

இந்த மூன்று கருவிகளும் உங்கள் கோடை உள்ளே எப்படிப் பார்க்கின்றன? ஓர் எளிய உதாரணம். விலையை எண்ணிக்கையால் பெருக்கி, வரியைக் கூட்டு என்று எழுதுகிறீர்கள்.

கம்பைலர் முதலில் இதைச் சொல் சொல்லாகப் பிரிக்கும். பிறகு ஒரு மரமாக அடுக்கும். மேலே கூட்டல். அதன் ஒரு கிளையில் பெருக்கல், மறு கிளையில் வரி. பெருக்கலுக்குக் கீழே விலையும் எண்ணிக்கையும். எதை முதலில் செய்ய வேண்டும் என்பது மரத்தின் வடிவத்திலேயே வந்துவிடுகிறது.

அடுத்து மரம் தட்டையாக்கப்படும். முதல் வரி: விலையையும் எண்ணிக்கையையும் பெருக்கி ஒரு தற்காலிக இடத்தில் வை. இரண்டாவது வரி: அதோடு வரியைக் கூட்டி இன்னொரு இடத்தில் வை. ஒரு செயல், இரண்டு உள்ளீடு, ஒரு விடை. இது எந்த பிராசஸருக்கும் சொந்தமில்லாத இடைநிலை வடிவம். தேவையில்லாத வேலையை நீக்குவது, வேகத்தைக் கூட்டுவது எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கும்.

பிறகு அது குறிப்பிட்ட பிராசஸரின் கட்டளைகளாக மாறும். அசெம்பிளர் அந்தக் கட்டளைப் பெயர்களை எண்களாக்கி ஆப்ஜெக்ட் ஃபைல் ஒன்றை எழுதும். அதில் எண்களோடு இரண்டு முக்கியமான அட்டவணைகள் இருக்கும். ஒன்று பெயர் அட்டவணை: என்னிடம் இருக்கும் பெயர்கள் இவை, வெளியிலிருந்து எனக்குத் தேவைப்படும் பெயர்கள் இவை. மற்றொன்று திருத்த வேண்டிய இடங்களின் பட்டியல்: இந்தந்த இடத்தில் முகவரி இன்னும் முடிவாகவில்லை, பிறகு நிரப்பிக்கொள்.

கடைசியில் லிங்கர் எல்லா ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் அடுக்கி, எது எங்கே இருக்கும் என்று முடிவு செய்து, காலி இடங்களில் முகவரியை நிரப்பும். தேவைப்படும் பெயர் யாரிடமும் இல்லையென்றால்? அதுதான் நம்ம 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'.

7-ஐ 357 ஆக்கிய ஏ-0 செய்ததும் இதே வேலைதான். 1953-ல் வந்த அதன் அடுத்தடுத்த பதிப்பான ஏ-2, ஒரு செயல், இரண்டு உள்ளீடு, ஒரு விடை என்ற மூன்று முகவரி வடிவத்தையே புரோகிராமர்கள் எழுதும் மொழியாக வைத்தது. அன்று மனிதர்கள் எழுதிய அந்த வடிவத்தின் நெருங்கிய உறவினரைத்தான் இன்று எல்எல்விஎம் போன்ற கம்பைலர் அமைப்புகள் தங்களுக்குள் எழுதிக்கொள்கின்றன. ஏ-2-வை அதன் மூலக் கோடோடு சேர்த்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து, திருத்தங்கள் இருந்தால் அனுப்பும்படியும் ஹாப்பர் குழு கேட்டுக்கொண்டது. ஓப்பன் சோர்ஸ் என்ற சொல்லே இல்லாத காலம் அது.

யாரும் நம்பவில்லை

1952 மே மாதம் பிட்ஸ்பர்க்கில் நடந்த மாநாட்டில் ஹாப்பர் தன் யோசனையைக் கட்டுரையாக முன்வைத்தார். பெரிய வரவேற்பு இல்லை. கணினிக்குக் கணக்குதான் போடத் தெரியும், புரோகிராம் எழுதத் தெரியாது என்பதே அன்றைய பொதுப்புத்தி. புரோகிராமர்களுக்கும் தயக்கம் இருந்தது. கையால் செதுக்கிய கோடுக்கு ஈடாக இயந்திரம் எழுதுமா? அப்படியே எழுதினால் நம் வேலை என்னாவது?

ஹாப்பர் வாதத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். சூத்திரங்கள் எழுதக் கணிதம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சம்பளப் பட்டியலும் சரக்கு இருப்பும் பார்க்கும் அலுவலக ஊழியர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் பேசும் ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை எழுதட்டும் என்றார்.

1955-ல் நிர்வாகத்தின் முன் ஒரு சிறு மாதிரி புரோகிராமை ஓட்டிக் காட்டினார். கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்தன. பிறகு அதே புரோகிராமை பிரெஞ்சுச் சொற்களோடு ஓட்டினார். அடுத்து ஜெர்மன். அசந்துபோவார்கள் என்று எதிர்பார்த்தார். அதிர்ந்துதான் போனார்கள். அமெரிக்காவில் செய்த கணினிக்கு பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்று கேட்டு நிதி தர மறுத்துவிட்டார்கள். ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்த மாதக்கணக்கில் ஆனது.

ஹாப்பர் காட்ட வந்தது வேறொன்று. கணினிக்கு பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எந்தச் சொல் வந்தாலும் அது ஓர் அட்டவணையில் தேட வேண்டிய அடையாளம், அவ்வளவுதான். அட்டவணையின் இடப்பக்கத்தை மாற்றினால் மொழி மாறும். வலப்பக்கத்தில் இருக்கும் உள்வடிவம் மாறாது. தமிழ்ச் சொற்களில் எழுதும் 'எழில்' என்ற நிரல்மொழி இன்று இயங்குவதும் இதே அடிப்படையில்தான்.

பி-0 என்று தொடங்கிய அந்த முயற்சி ஃப்ளோ-மேட்டிக் என்ற பெயரில் வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் 1957-ல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவின் ஃபோர்ட்ரான் வந்துவிட்டது. கம்பைலர் எழுதும் கோடும் வேகமாக ஓடும் என்று அது நிரூபித்தது. தயக்கம் உடையத் தொடங்கியது.

கோபால் யாருடைய பிள்ளை?

நம்ம ஊர்க்காரர் பெயர் மாதிரி ஒலிக்கும் கோபால், ஒரு குழுவின் படைப்பு. கம்பெனிக்கு ஒரு மொழி என்று போனால் எங்கே போய் முடியும் என்ற கவலையில் 1959 மே மாதம் பென்டகனில் அரசு, கணினி நிறுவனங்கள், பயனாளர்கள் எல்லோரும் கூடினார்கள். மேரி ஹாஸ், ஜீன் சாம்மெட் உள்ளிட்ட பலர் இதில் உழைத்தார்கள். ஹாப்பர் தொழில்நுட்ப ஆலோசகர். மொழியை எழுதிய சிறு குழுவில் அவர் நேரடியாக இல்லை. ஆனால் அவருடைய ஃப்ளோ-மேட்டிக்தான் அதற்கு முக்கிய முன்மாதிரி.

1960 டிசம்பரில் ஒரு சோதனை நடந்தது. ஒரே கோபால் புரோகிராம், ஆர்சிஏ, ரெமிங்டன் ராண்ட் என்ற இரண்டு போட்டி நிறுவனங்களின் கணினிகளிலும் ஓடியது. இன்று இது சாதாரணம். அன்று ஒரு கணினியை மாற்றினால் புரோகிராம்கள் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டிய நிலை. மனிதன் எழுதுவதையும் இயந்திரம் ஓட்டுவதையும் பிரித்து, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்தால் இயந்திரம் போனாலும் புரோகிராம் பிழைக்கும் என்பது அன்று நிரூபணமானது.

அது எவ்வளவு காலம் பிழைத்தது என்பதற்கு இந்தியாவும் சாட்சி. 1990-களின் இறுதியில், ஆண்டை இரண்டு இலக்கத்தில் மட்டும் எழுதிவைத்த பழைய புரோகிராம்களைத் திருத்தும் ஒய்2கே பணி இந்திய ஐடி நிறுவனங்களுக்குப் பெரிய வாசலைத் திறந்தது. அப்படித் திருத்தப்பட்டவற்றில் ஏராளமானவை கோபால் புரோகிராம்கள். வங்கி, காப்பீட்டுத் துறைகளின் மெயின்ஃப்ரேம்களில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓய்வு பெறவே விடாத கடற்படை

1966 இறுதியில், 60 வயதில், கடற்படை ரிசர்விலிருந்து ஹாப்பர் ஓய்வு பெற்றார். 1967 ஆகஸ்டில் திரும்ப அழைத்தார்கள். ஆறு மாத வேலை என்றார்கள். அது கிட்டத்தட்ட 19 ஆண்டுகள் நீண்டது.

அழைத்த காரணம் சுவாரசியமானது. கோபால் பொதுமொழிதான். ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் கம்பைலரும் அதைத் தன் விருப்பப்படி புரிந்துகொண்டது. ஒரே புரோகிராம், வேறு வேறு விடை. எனவே கம்பைலர்களையே சோதிக்கும் புரோகிராம் தொகுப்புகளை ஹாப்பரின் குழு எழுதியது. விதிப்படி மொழிபெயர்க்கிறதா என்று வரிவரியாகப் பார்க்கும் பரிசோதனை. மொழிபெயர்ப்பாளரை நம்பச் சொன்ன அதே பெண், மொழிபெயர்ப்பாளருக்குத் தேர்வும் வைத்தார்.

இளைஞர்களிடம் பேசப் போகும்போது கையில் சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளை எடுத்துப்போவார். ஒரு நானோசெகண்டில் மின்சார சமிக்ஞை அதிகபட்சமாகப் போகக்கூடிய தூரம் அது. மைக்ரோசெகண்டைக் காட்ட சுமார் 300 மீட்டர் கம்பிச்சுருளைத் தூக்கிக் காட்டுவார். கண்ணுக்குத் தெரியாததைக் கையில் கொடுத்துப் புரியவைப்பது அவர் பாணி. அலுவலகச் சுவரில் முட்கள் பின்னோக்கிச் சுற்றும் கடிகாரம் வைத்திருந்தார். வழக்கமாக இப்படித்தான் செய்வோம் என்பவர்களுக்கு அதுதான் பதில்.

1986 ஆகஸ்ட் 14 அன்று ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. அப்போது பணியில் இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரிகளில் மூத்தவர் அவரே. அதன்பிறகும் சும்மா இருக்கவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆலோசகராகச் சேர்ந்தார். 1992 ஜனவரி 1 அன்று 85 வயதில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2016-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

இன்று இது நமக்கு ஏன் முக்கியம்?

ஏஐ கருவிகள் கோட் எழுதித் தரும் காலத்தில் புரோகிராமர்களின் மனதில் இருக்கும் கேள்வி, 1952-ல் இருந்த அதே கேள்விதான். நம் வேலை என்னாவது? கம்பைலர் வந்ததால் புரோகிராமர்கள் காணாமல் போகவில்லை. முகவரி கூட்டும் வேலைதான் காணாமல் போனது. புரோகிராம் எழுதக்கூடியவர்களின் வட்டம் பல மடங்கு பெருகியது.

ஆனால் இரண்டையும் அப்படியே ஒப்பிட்டுவிடவும் முடியாது. கம்பைலரின் மொழிபெயர்ப்புக்கு எழுதிவைத்த விதி உண்டு. மரத்தைப் பார்க்கலாம், இடைநிலை வடிவத்தைப் பார்க்கலாம், பெயர் அட்டவணையைத் திறந்து பார்க்கலாம். எங்கே தவறு என்று கண்டுபிடிக்கலாம். மனிதன் வாய்மொழியாகச் சொன்னதை ஏஐ கோடாக மாற்றும்போது அப்படியொரு விதிப்புத்தகம் நடுவில் இல்லை. அதனால் அது எழுதித் தருவதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு நம்மிடமே இருக்கிறது.

ஹாப்பரின் வாழ்க்கையில் முதல் பாதியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள்: இயந்திரத்திடம் வேலையைக் கொடு என்று போராடிய பாதி. கொடுத்த வேலையை அது சரியாகச் செய்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருந்த பின்பாதி அதிகம் பேசப்படுவதில்லை. 60 வயதுக்கு மேல் அவர் எடுத்துச் செய்த வேலை அது. இப்போது நமக்கு அதிகம் தேவைப்படுவதும் அதுதான்.